எம்.ஜி.பி. ரோட்ஸ்டர்: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குத் திரும்பி வருபவர்களுக்கு

பதினைந்து, இருபது வருடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, இப்போது மறுபடி ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறவர் முதலில் பார்க்க வேண்டிய வண்டி, பிரிட்டனின் எம்.ஜி. நிறுவனம் செய்த எம்.ஜி.பி. இதைவிட வேகமான வண்டிகள் உண்டு, வளைவில் இதைவிடக் கூர்மையாகத் திரும்புகிறவையும் உண்டு. ஆனால் விடுமுறை நாள் காலையில் கவரை எடுத்து, சோக்கை இழுத்து, செல்ஃப் அடித்தால் கிளம்பும் என்று நம்பக்கூடிய பழைய வண்டிகள் அதிகம் இல்லை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில், திறந்த ரோட்ஸ்டரும் கூரை வைத்த ஜி.டி.யும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டினார்கள். அந்த எண்ணிக்கையின் புண்ணியத்தில்தான் கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) முதல் கதவு ரப்பர் வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளை வைத்து முழு பாடி ஷெல்லையே மறுபடி செய்ய ஆரம்பித்தது. இந்த வயது வண்டி ஒன்றுக்கு இப்படி ஒரு வசதி அமைவது பெரிய விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சில் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவச் சட்டம்) உறுதியாக இருக்கிற, ஓவர்டிரைவ் (இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) வேலை செய்கிற, 1967 இறுதிக்கும் 1974க்கும் நடுவில் வந்த குரோம் பம்பர் வண்டி கிடைத்தால் வாங்குங்கள். இன்ஜின் கொஞ்சம் புகைத்தாலும் பரவாயில்லை. சில் போயிருந்தால், இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் விட்டுவிடுங்கள்.

எந்த வருடத்து வண்டி

முதல் இரண்டு வருட இன்ஜினில் கிராங்க் மூன்று பேரிங்கில் நின்றது. 1964 அக்டோபரிலிருந்து ஐந்து பேரிங். 1798 சி.சி., இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர், விளம்பரத்தில் 95 குதிரைசக்தி. 1967 வரை முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தை ஒத்துப்போகவைக்கும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகுதான் ஃபர்ஸ்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் பல் அரைபடும். அந்த வண்டிகளில் பாசிடிவ் எர்த் (பேட்டரியின் பாசிடிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும்), டைனமோ. பாசிடிவ் எர்த் என்பதைக் கவனிக்காமல் நெகடிவ் எர்த்துக்கான எலக்ட்ரானிக் இக்னிஷனையோ ரேடியோவையோ மாட்டினால் அது அந்த நிமிடமே கருகும். பலர் நெகடிவ்வுக்கு மாற்றியிருப்பார்கள். பேட்டரி ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், மீட்டர் வைத்துப் பாருங்கள்.

1967 இறுதியில் வந்த இரண்டாம் மார்க்கில் நான்கு கியருக்கும் சின்க்ரோ, ஆல்டர்னேட்டர், நெகடிவ் எர்த், சத்தம் குறைந்த குழாய் வகை ஆக்ஸில் எல்லாம் ஒன்றாக வந்தன. திரும்பி வருபவருக்கு ஏற்ற இடம் இதுதான். 1974 செப்டம்பரில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் போட்டு, வண்டியை ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் உயர்த்தினார்கள். ரோட்ஸ்டரில் முன் ஆன்டிரோல் பாரையும் எடுத்துவிட்டதால் வளைவில் சாய்ந்தது. 1977 மாடலில் முன்னும் பின்னும் பார் போட்டுச் சரிசெய்தார்கள். அமெரிக்காவுக்குப் போன கடைசி வருட வண்டிகளில் ஒற்றை ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர்தான், சக்தியும் வெகுவாகக் குறைவு. ஆனாலும் ரப்பர் பம்பர் வண்டியை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டோம். சில் நன்றாக இருந்தால், ஸ்பிரிங்கைத் தாழ்த்தி இரட்டை எஸ்.யு. மாட்டிக்கொள்ளலாம். துருப்பிடித்த குரோம் வண்டியைவிட உறுதியான ரப்பர் வண்டி நூறு மடங்கு மேல்.

ஆறு சிலிண்டர் எம்.ஜி.சி.யும் 3.5 லிட்டர் ஜி.டி. வி8உம் வேறு குணம், வேறு செலவு. அவற்றுக்குத் தனியாக எழுத வேண்டும்.

சில்: இங்கேதான் வண்டி நிற்கிறது அல்லது விழுகிறது

எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது. கூரையும் இல்லாததால், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பவை கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகளும் நடுவிலுள்ள கியர்பாக்ஸ் மேடும்தான். சில் பல தகடுகளால் ஆனது: வெளியே தெரியும் வெளிச்சில், உள்ளே நிற்கும் நடுத்தகடு, அடியில் காஸில் ரெயில் என்று சொல்லப்படும் மடிப்புத் தகடு. வெளிச்சில்லை மட்டும் மாற்றி பெயிண்ட் அடித்த வண்டி பளபளக்கும். உள்ளே நடுத்தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கிடக்கும்.

சோதிக்கும் முறை எளிது. கதவைத் திறந்து மூடி, இடைவெளியை மேலும் கீழும் பாருங்கள். பிறகு சில்லின் நடுவிலுள்ள ஜாக்கி முனையில் தூக்குங்கள். இந்த வண்டியில் ஒரே முனை ஒரு பக்கத்து இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கும். தூக்கிய நிலையில் மறுபடி கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மாறினாலோ கதவு இடித்தாலோ சில்லில் வலு இல்லை. ஜாக்கி வைக்கும்போதே நொறுங்கும் சத்தம் வந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை. விற்பவர் "ஜாக்கி போட வேண்டாம்" என்றால் அதற்கும் அதே அர்த்தம்.

அடுத்து, முன் மட்கார்டும் பின் மட்கார்டும் சில்லைச் சந்திக்கும் இடத்தில் இணைப்புக் கோடு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தால், பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை மூடி, பட்டி போட்டு இழைத்திருக்கிறார்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கீழ்வரிசை முழுக்க நகர்த்துங்கள். பட்டி இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது. சில்லை முறையாக மாற்றுவதற்கு முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும், ஏனென்றால் சில் இரண்டுக்கும் பின்னால் தொடர்ந்து ஓடுகிறது. டிங்கரிங் பில்லில் அந்த வேலைகள் இல்லை என்றால் சில் பாதிதான் மாறியிருக்கிறது.

சில் வேலையைக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது: ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம் வெட்ட வேண்டும். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைத்து, வண்டி ஓடும்போது எங்கே கனம் தாங்குமோ அங்கேயே முட்டுக்கொடுத்து, வெல்டிங் முடியும்வரை கதவை அடிக்கடி மாட்டிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் வண்டி வாழைப்பழம் மாதிரி வளைந்தபடியே பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்தக் கதவும் பொருந்தாது.

மற்ற துரு இடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டுக்குள் சேறு தங்கி, மட்கார்டின் பின்விளிம்பும் சில்லின் முன்முனையும் அரிக்கும். சீட்டுக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டியின் அடி போகும். 1974 வாக்கு வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், அதனால் இரண்டு பெட்டிகள். பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்கொக்கி பொருந்தும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் அடியில் ஓட்டையாவதைவிட மேல்தகட்டில் ஓட்டையாவதுதான் அதிகம், டிக்கித் தரைக்கும் டேங்குக்கும் நடுவில் ஈரம் தங்குவதால். டேங்க் நிரப்பியதும் பெட்ரோல் வாடை வந்து, பாதியானதும் நின்றுவிட்டால் காரணம் அதுதான். கதவின் முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே தகட்டில் சின்ன வெடிப்பு ஏறக்குறைய எல்லா எம்.ஜி.பி.யிலும் வரும். அழகுக் குறை, வலுக் குறை இல்லை.

இன்ஜின், கியர்பாக்ஸ்

இன்ஜினைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். வார்ப்பிரும்பு பிளாக், புஷ்ராட், எட்டு வால்வு. கைதேர்ந்த எந்த மெக்கானிக்கும் இறக்கி, போர் செய்து, மறுபடி ஏற்றிவிடுவார். ஆனால் பார்க்கப் போகும்போது இன்ஜின் சில்லென்று இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் ராக்கர் கவரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், குளிர்நிலையில் கிளம்பத் திணறுவதை மறைத்திருக்கிறார்கள். சூடானபின் ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 முதல் 80 பி.எஸ்.ஐ., ஐட்லிங்கில் 15க்குக் குறையாமல் நின்றால் நல்லது. ஆக்ஸிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வந்து, மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை எழுந்தால் வால்வு கைடு. மிதித்துக்கொண்டே இருக்கும்போது புகைத்தால் ரிங். தரையில் இரண்டு சொட்டு ஆயில் விழுவது இந்த இன்ஜினின் இயல்பு.

டேப்பெட் லேசாகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிளியரன்ஸ் (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவிலான இடைவெளி) குளிர்நிலையில் 0.38 மில்லிமீட்டர். சத்தமே இல்லாமல் ஓடும் இன்ஜினில் யாரோ இறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். அப்படி விட்டால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் கருகும். அளவு வைக்க ஒன்பதுக் கணக்கு: எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்யுங்கள், ஏழு திறந்தால் இரண்டு, ஆறு திறந்தால் மூன்று. இரண்டு எண்ணும் எப்போதும் ஒன்பது.

கியர்பாக்ஸில் செகண்டுக்கு இறக்கும்போது கரகரத்தால் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. நியூட்ரலில் உறுமல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் உள்ளே பேரிங். கியர்பாக்ஸிலும் இன்ஜினுக்குப் போடும் அதே 20டபிள்யூ-50 ஆயில்தான். கெட்டியான ஈ.பி. (அதிக அழுத்தம் தாங்கும்) கியர் ஆயில் ஆக்ஸிலுக்கு மட்டும். ஓவர்டிரைவும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்கின்றன, ஈ.பி. ஆயில் ஊற்றினால் ஓவர்டிரைவின் கூம்புக் கிளட்ச் வழுக்கும்.

ஓவர்டிரைவ் இல்லாத எம்.ஜி.பி.யை நீண்ட சாலையில் ஓட்டுவது களைப்பு. டாப் கியரில் மணிக்கு 110 கிலோமீட்டரில் இன்ஜின் 3,800 வாக்கில் சுற்றும். சுவிட்சைத் தட்டினால் 3,100 அளவுக்கு இறங்கும், சத்தம் பாதியாகும், பெட்ரோலும் மிச்சம். சோதனை ஓட்டத்தில் டாப் கியரில் சுவிட்சைப் போட்டு டாக்கோமீட்டர் முள் உடனே இறங்குகிறதா பாருங்கள். இறங்கவில்லை என்றால், "ஒயர்தான் விட்டுப்போச்சு" என்று எல்லா விற்பனையாளரும் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மையும் அதுதான்: கியர்பாக்ஸ் மேலுள்ள தடுப்பு சுவிட்ச், சொலினாய்ட் ஒயர், அல்லது ஆயில் மட்டம் குறைவு. ஆனால் சரிசெய்து காட்டும்வரை ஓவர்டிரைவ் இல்லாத வண்டி என்ற கணக்கில்தான் பேச வேண்டும், ஏனென்றால் உள்ளே கோளாறு என்றால் இன்ஜினோடு சேர்த்துத்தான் வெளியே வரும். கிளட்ச் தட்டு மாற்றுவதற்கும் இன்ஜினை எடுத்தே ஆக வேண்டும், கியர்பாக்ஸைத் தனியாகக் கீழே இறக்க வழியில்லை. கிளட்ச் ரிலீஸ் பேரிங் கார்பன் வளையம். சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நின்றால் அது தேய்ந்துபோகும். புதிய வண்டிகளில் பழகிய கால் இதைத்தான் முதலில் மறக்க வேண்டும்.

கிளம்பும்போதும் விடும்போதும் பின்னால் "டொக்" என்று கேட்டால் மூன்று காரணங்கள்: யுனிவர்சல் ஜாயின்ட், டிஃபரன்ஷியலுக்குள் தேய்ந்த திரஸ்ட் வாஷர், கம்பிச் சக்கரத்தின் ஸ்ப்லைன் (ஹப்பைப் பிடிக்கும் பல்வரிசை). முதல் இரண்டும் சின்ன வேலை. மூன்றாவதைப் பார்க்க சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, டயரை முன்னும் பின்னும் திருப்புங்கள். ஆட்டம் இருந்தால் ஹப்பும் சக்கரமும் ஜோடியாக மாற வேண்டும். பழைய ஹப்பில் புதுச் சக்கரம் போட்டால் புதுப் பல்லையும் பழையது தின்றுவிடும். ஆரங்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், மந்தமாக ஒலிப்பது தளர்ந்த ஆரம். நடு நட்டின் மரை இடப்பக்கத்தில் வழக்கமான திசை, வலப்பக்கத்தில் எதிர்த்திசை. யாராவது ஹப்பைப் பக்கம் மாற்றி மாட்டியிருந்தால் ஓட்டத்திலேயே நட்டு கழலும். இது கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்.

முன்பக்கத்தில் கிங் பின். ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை மிதித்த பிறகும் ஆட்டம் தொடர்ந்தால் அது வீல் பேரிங் இல்லை, கிங் பின்தான். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிரீஸ் போடாததுதான் காரணம். சக்கரம் தொங்கும் நிலையில் கிரீஸ் அடித்தால்தான் கனம் இல்லாமல் உள்ளே முழுக்கப் போகும்.

நீங்கள் இல்லாதபோது மாறியவை

முன்பு பழைய கார் வைத்திருந்தவர் பழைய அறிவோடு வருகிறார். அதில் பாதி இன்றும் செல்லும். மீதிப் பாதிதான் சிக்கல்.

முதலில் பெட்ரோல். ஈயம் போய்விட்டது. ஈயம் வால்வு சீட்டுக்கு மெத்தை மாதிரி இருந்தது. அது இல்லாமல் கடுமையாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் சீட் அமுங்கிக்கொண்டே போகும். அறிகுறி: வைத்த டேப்பெட் கிளியரன்ஸ் ஒவ்வொரு சில ஆயிரம் கிலோமீட்டருக்கும் குறைந்துகொண்டே வருவது. ஹெட்டில் கடினப்படுத்திய சீட் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், பில் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பதற்றம் வேண்டாம். ஈயத்துக்குப் பதிலான சேர்மத்தை டேங்கில் கலந்து ஓட்டிக்கொண்டிருந்து, ஹெட்டை எப்போதாவது கழற்றும்போது போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, பெட்ரோலில் கலக்கும் எத்தனால். பழைய ரப்பர் குழாய்களை அது உள்ளிருந்து மென்மையாக்கிக் கரைக்கும். கறுப்புத் துகள் கார்புரேட்டர் மிதவை ஊசியில் சிக்கி, பெட்ரோல் வழிந்து, சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டும். எஸ்.யு. கார்புரேட்டருக்கு நேர் கீழேதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் என்பதை நினைவில் வையுங்கள். வாங்கிய அன்றே பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாக் குழாயையும் மாற்றுங்கள். மேலே ஆர்9 என்று அச்சிட்ட குழாய் எத்தனாலைத் தாங்கும். ஒரு நாள் வேலைகூட இல்லை, ஆனால் இந்த வண்டியைத் தீயிலிருந்து காப்பது இதுதான்.

மூன்றாவது ஆயில். கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் நேரடியாக உரசும் இன்ஜின் இது. அந்த உரசலைக் காக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம் புதிய கார்களுக்கான ஆயிலில் குறைத்துவிட்டார்கள், கேட்டலிடிக் கன்வெர்டர் கெடாமல் இருக்க. "புதுசு, விலை அதிகம், நல்லது" என்று நினைத்து மெல்லிய சிந்தெடிக் ஊற்றினால் பிரஷரும் விழும், கேமும் தேயும். பழைய கார்களுக்கென்று விற்கும் 20டபிள்யூ-50 போதும். ஃபில்டரோடு மாற்றினால் ஏறக்குறைய 4.25 லிட்டர், ஆயில் கூலர் இருந்தால் இன்னும் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

நான்காவதுதான் மனதை நோகவைப்பது: உதிரி பாகங்களின் தரம். எண்ணிக்கைக்குக் குறைவில்லை, ஆனால் சில பாகங்கள் பெட்டியிலிருந்தே கெட்டு வருகின்றன. ரோட்டர் ஆர்மில் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் கை) பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆழமாக இறங்கினால், சூடானதும் மின்சாரம் அது வழியாகத் தண்டுக்கு ஓடிவிடும். வண்டி நடுவழியில் மூச்சு விடாமல் நிற்கும், ஆறியதும் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டர் ஆர்ம் தேடி வாங்குங்கள். கண்டென்சரும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும் பழைய கண்டென்சரை "சர்வீஸ்" என்ற பெயரில் கழற்றி எறியாதீர்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது நல்ல முடிவு, ஆனால் அது போனால் வழியில் சரிசெய்ய முடியாது. அளவு வைத்த பாயின்ட் செட், கண்டென்சர், ரோட்டர் மூன்றையும் ஒரு டப்பாவில் டிக்கியில் வைத்திருங்கள். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40, பிளக் இடைவெளி 0.625 மில்லிமீட்டர்.

ஃப்யூஸில் ஒரு பொறி இருக்கிறது. பழைய லூகாஸ் ஃப்யூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பது அது அறுந்துபோகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்று கடையில் 35 என்று கேட்டு வாங்கினால் அது தொடர்ந்து 35 தாங்கும். ஒயர் உருகும், ஃப்யூஸ் அப்படியே நிற்கும்.

டயரின் வயதைத் தேதிக் குறியீட்டில் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் தேயாமல் பத்து வயதான டயர்தான் இத்தகைய வண்டிகளில் அதிகம். ஈரச் சாலையில் அது கல். 165/80 ஆர்14 அளவு இன்றும் கிடைக்கிறது, கம்பிச் சக்கரம் என்றால் டியூப் கட்டாயம்.

ஓட்டம் எப்படி

வேகக் கணக்கில் பார்த்தால் இன்றைய சாதாரண குடும்பக் கார்கூட முந்திவிடும். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டப் பன்னிரண்டு வினாடிக்கு மேல், உச்ச வேகம் 165 சுற்றுவட்டாரம். ஆனால் 3,000 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடுவதால், கியரை அடிக்கடி மாற்றாமல் மேட்டில் ஏறும். கியர் லிவர் குட்டை, கைக்கு நேராக விழும். ஸ்டியரிங் நிற்கும்போது கனம், நகர்ந்ததும் லேசு. சாலையில் கிடக்கும் சின்னக் கல்லைக்கூட விரல் நுனியில் சொல்லும். இதற்காகத்தான் திரும்பி வருகிறோம், அந்த விஷயத்தில் இந்த வண்டி ஏமாற்றவில்லை.

குறைகளும் உண்மையானவை. வளைவின் நடுவில் பள்ளம் வந்தால் பின் ஆக்ஸில் பக்கவாட்டில் துள்ளும். கியர்பாக்ஸ் மேட்டிலிருந்து வரும் வெப்பம் காலைச் சுடும். துணிக் கூரையைப் போட்டாலும் கனமழையில் கண்ணாடி மூலையில் சொட்டும். உறுதியான வண்டியிலும் மோசமான சாலையில் டேஷ்போர்டு லேசாக நடுங்கும். பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், சரியாக இருந்தால் நன்றாகவே நிற்கும். ஆனால் சர்வோ (மிதிக்கும் விசையைக் கூட்டும் கருவி) இல்லாத வண்டியில் காலை ஊன்றி மிதிக்க வேண்டும், முன்னால் போகும் புதிய கார் உங்களைவிட வெகு சீக்கிரம் நின்றுவிடும். இடைவெளியை இரட்டிப்பாக விடுங்கள். பல வருடம் நின்ற வண்டியில் ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கி, மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஹோஸை மாற்றி, முழு ஃப்ளூயிடையும் வடித்துப் புதிதாக ஊற்றி ஏர் எடுத்த பிறகுதான் சாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நெம்பு வகை ஷாக் அப்சார்பரைக் கழற்றி எறிந்து டெலஸ்கோப்பிக் மாட்டச் சொல்லுவார்கள். தேவையில்லை. முறையாகப் புதுப்பித்த பழைய வகை இந்த வண்டிக்குப் பொருத்தம், முன்பக்கத்தில் அதன் கைதான் மேல் விஷ்போனும்கூட. பணம் இருந்தால் நல்ல டயர், புதிய புஷ், ஓவர்டிரைவ் என்ற வரிசையில் போடுங்கள். குதிரைசக்தியைக் கூட்டுவது கடைசி.

டியூனிங் வரிசை

வண்டி திணறினால் எல்லோரும் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில். அதுதான் கடைசியாகத் தொட வேண்டியது. டேப்பெட், பாயின்ட், டைமிங் மூன்றும் சரியான பிறகு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, இரண்டு கார்புரேட்டரின் வாயிலும் ரப்பர் குழாயை வைத்து உறிஞ்சும் சத்தத்தைக் கேளுங்கள். இரண்டும் ஒரே அளவு சீறும்வரை ஐட்லிங் திருகுகளைச் சரிசெய்யுங்கள். பிறகு பிஸ்டன் தூக்கும் ஊசியால் ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். இன்ஜின் லேசாக ஏறி நிலைத்தால் கலவை சரி. ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் அதிகம், அணைந்தால் குறைவு. 1971 வரை வந்த எச்.எஸ்.4 வகையில் ஜெட் நட்டைக் கீழே திருகினால் கலவை கூடும், மேலே திருகினால் குறையும், ஒரு தடவைக்கு அறுகோணத்தின் ஒரு பக்கம் மட்டும். அதற்குப் பின் வந்த எச்.ஐ.எஃப். வகையில் பக்கவாட்டுத் திருகு. எவ்வளவு திருகியும் நிலைக்கவில்லை என்றால் திராட்டில் தண்டு தேய்ந்து காற்று கசிகிறது. தண்டின் முனையில் கார்புரேட்டர் கிளீனரை லேசாகத் தெளித்தால் ஐட்லிங் மாறும், அதுவே சாட்சி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள், தீ ஆபத்து உண்டு. கார்புரேட்டரின் மேலேயுள்ள டேஷ்பாட்டில் (பிஸ்டன் துள்ளாமல் தணிக்கும் கிண்ணம்) ஆயில் ஊற்ற மறக்காதீர்கள். அது வறண்டால் பிக்கப்பில் பள்ளம் விழும்.

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையையும் ஒரு தடவை பாருங்கள். இன்ஜின் வேலைக்குப் பிறகு மாட்ட மறந்துவிடுவார்கள். அப்போது செல்ஃப் மோட்டாரின் முழு மின்சாரமும் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கைப்பிடி சூடானாலோ புகைந்தாலோ காரணம் தேட வேண்டாம், பட்டையை மாட்டுங்கள்.

கடைசியாக, சாவியைத் திருப்பியதும் சீட்டுக்குப் பின்னால், வலப்பக்கம் அடியிலிருந்து டிக்–டிக்–டிக் என்று கேட்கும். அது எஸ்.யு. பெட்ரோல் பம்ப். மிதவைக் கிண்ணம் நிரம்பியதும் வேகம் குறைந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது உறிஞ்சும் பக்கம் காற்று கசிகிறது, அல்லது எங்கோ பெட்ரோல் வழிகிறது. பானட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கும்வரை செல்ஃப் அடிக்காதீர்கள். தட்டவே இல்லை என்றால் பம்பின் உடம்பில் ஸ்பானரின் பின்முனையால் மெதுவாக ஒரு தட்டு. கிளம்பினால் உள்ளே பாயின்ட் கருகியிருக்கிறது. வீடு போய்ச் சேரலாம், அடுத்த ஓட்டத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.